ஷார்ஜாவா, மூன்றாம் நாடா, கோத்தகிரியா? 45 வயதுக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

விடுமுறைக்குக் கோத்தகிரி வந்து சேர்ந்த மறுநாளே குன்னூரிலிருந்து வந்திருந்த என் மச்சான் கேட்டார்: "ஷார்ஜாவுல நல்லாத்தானே இருக்கீங்க, இன்னொரு நாடு எதுக்கு?" 19 ஆண்டுகள் ஒரே நாட்டில் வேலை பார்த்துவிட்டு, 43ஆம் வயதில் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் பற்றிப் பேசினால், ஊரில் இருப்பவர்களுக்கு அது பணத்தாசையாகவே தெரிகிறது. அவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். எங்கள் மலையிலிருந்து வளைகுடாவுக்குப் போய்ப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துவிட்ட குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவக்கூடும்.

முதலில், நன்றாக இருக்கும் இடத்தை விட்டு ஏன் கிளம்ப வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். வளைகுடா நாடுகளில் ஒருவர் வசிக்கும் உரிமை பெரும்பாலும் அவருடைய வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் விசா போகும். விசா போனால் வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி, வங்கிக் கணக்கு எல்லாம் வரிசையாக ஆட்டம் காணும். ஷார்ஜா அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் வேறு வேலை தேடிக்கொள்ள முன்பு 30 நாள் என்று இருந்த அவகாசம் 2022ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு பல பிரிவினருக்கு நீட்டப்பட்டிருப்பது உண்மைதான். ஆனாலும் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்த உழைப்பு குடியுரிமையாக மாறாது என்ற அடிப்படை மாறவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்து வருவது. தோட்டப் பதிவேட்டில் பேர் நீங்கினால் வீடும் நீங்கும். அதனால்தான் என் பெற்றோர் பணிக்காலம் முடிவதற்குள் கோத்தகிரிக்கு அருகே 40 சென்ட் தேயிலையும் அதன் ஓரத்தில் ஒரு வீடும் வாங்கிவிட வேண்டும் என்று பாடுபட்டார்கள். இன்று நானும் என் மனைவியும் செய்துகொண்டிருப்பது அதே வேலைதான்.

ஓய்வுக்காலத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாக வரும். மொத்தம் 2 ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அடிப்படைச் சம்பளம் 6,000 திர்ஹம் என்று கொண்டால் ஒரு நாளுக்கு 200 திர்ஹம். முதல் 5 ஆண்டுகளுக்கு 21,000, அடுத்த 14 ஆண்டுகளுக்கு 84,000, ஆக 1,05,000 திர்ஹம். ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்றால் ஏறத்தாழ 24 லட்சம் ரூபாய். 19 ஆண்டு உழைப்புக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. இந்த ஒரு தொகைதான். படிகளோடு சேர்த்த மொத்தச் சம்பளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பெரிய தொகை வரும் என்று நம்பியிருப்பவர்கள், தயவுசெய்து தங்கள் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சவூதியில் இருந்த நண்பர்களை வேறு காரணம் கிளப்பியது. 2017 ஜூலையில் உடன் வசிக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் ஆண்டுதோறும் ஏறி 2020இல் 400 ரியால் ஆனது. அதே ஆண்டு ஜூலையில் மதிப்புக் கூட்டு வரியும் 5 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தால் மாதம் 1,200 ரியால் அந்தக் குடும்பக் கட்டணத்துக்கே போகும். பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார்கள். தனிமை தாங்காதவர்கள் நாட்டையே மாற்றினார்கள்.

இவற்றுக்கு அப்பால், கணக்கில் எழுத முடியாத ஒரு காரணமும் உண்டு. ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம், பள்ளி விடுமுறை தொடங்கும் சமயம், ஏதாவது ஒரு குடும்பம் நிரந்தரமாகக் கிளம்பும். கிளம்புகிறவர்கள் கிரைண்டரையும் கட்டிலையும் விற்றுவிடுவார்கள்; கறிவேப்பிலைச் செடியை மட்டும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பால்கனியில் இப்போது நான்கு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று எங்களுடையது, மற்ற மூன்றும் டொராண்டோவுக்கும் பெர்த்துக்கும் திருச்சிக்கும் போனவர்களுடையவை. அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவள் என் மகள். அவளுக்கு இப்போது அந்தக் கட்டடத்தில் ஒத்த வயதுத் தோழி ஒருத்தியும் இல்லை. நீண்ட காலம் இருந்தவர்கள் கிளம்புவதற்கு, அவர்களோடு இருந்தவர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டதும் ஒரு பெரும் காரணம் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். முடிவைச் சம்பளத்தை வைத்துத் தொடங்கக் கூடாது, வீட்டில் உள்ளவர்களின் வயதை வைத்துத் தொடங்க வேண்டும் என்பதே பல மாதங்கள் அலசிய பிறகு எனக்குத் தெளிந்தது. எனக்கு 43, செவிலியரான என் மனைவிக்கு 38, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு 15, கோத்தகிரியில் இருக்கும் அம்மாவுக்கு 74. ஒவ்வொரு நாடும் இந்த நான்கு எண்களுக்கும் வெவ்வேறு பதில் சொல்கிறது.

இருக்கும் இடத்திலேயே இருப்பதை எடுத்துக்கொள்வோம். வருமான வரி இல்லை. கோவைக்கு நேரடி விமானம் இருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரே நாளில் வீடு வந்து சேரலாம். இந்த வசதியை வேறு எந்த நாடும் தராது. நீண்ட கால விசாக்களும் வந்திருக்கின்றன. 10 ஆண்டுக் கோல்டன் விசா பெற 20 லட்சம் திர்ஹம் சொத்தோ, மாதம் 30,000 திர்ஹம் சம்பளத்தோடு உரிய தகுதியோ வேண்டும். இரண்டும் எங்களுக்கு எட்டாதவை. 2025 மே மாதம் துபாய் அரசுச் சுகாதார அமைப்பில் 15 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய செவிலியருக்கு இந்த விசா அறிவிக்கப்பட்டபோது நாங்கள் மனதார மகிழ்ந்தோம்; ஆனால் என் மனைவி வேலை பார்ப்பது ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில். திருமணம் ஆகும் வரை மகளை எங்கள் விசாவில் வைத்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல். அந்த விசாவோ எங்கள் வேலை இருக்கும் வரைதான். ஆக, ஷார்ஜா 38க்கும் 43க்கும் நல்ல இடம், 74க்கு மிக நல்ல இடம். 15க்கும், எங்களுடைய 60க்கும் அங்கே பதில் இல்லை.

மூன்றாம் நாட்டைப் பொறுத்தவரை 45 என்ற எண் எல்லா வாசல்களிலும் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் திறன்சார் நிரந்தர விசாக்களுக்கு அழைப்பு வரும் நாளில் விண்ணப்பதாரர் 45ஐ எட்டியிருக்கக் கூடாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி அடிப்படையிலான குடியேற்ற முறையில் 30 வயதிலிருந்து வயதுக்கான புள்ளி ஆண்டுதோறும் குறைந்து, 40க்குப் பிறகு வேகமாகச் சரிந்து, 45இல் ஒன்றுமில்லாமல் போகிறது. ஜெர்மனியும் 45ஐத் தாண்டி முதன்முறையாக வேலைக்கு வருகிறவரிடம் குறிப்பிட்ட அளவு சம்பளத்தையோ முதுமைக்கான சேமிப்பையோ காட்டச் சொல்கிறது. எனவே என்னை முதன்மை விண்ணப்பதாரராக வைத்துக் கணக்குப் போட்டதே நாங்கள் செய்த முதல் தவறு. சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு எழுதும் 43 வயதுக்காரனைவிட, 38 வயதுச் செவிலியரை எந்த நாடும் முன்னால் கூப்பிடும். குடும்பத் தலைவர் பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும் என்று எண்ணுகிற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனால் இரண்டு ஆண்டுகளை வீணாக்கிவிட்டேன்.

ஆஸ்திரேலியாவின் புள்ளிக் கணக்கை என் மனைவிக்குப் போட்டுப் பார்த்தோம். 33 முதல் 39 வயது வரை 25 புள்ளி, பட்டப்படிப்புக்கு 15, எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெளிநாட்டு அனுபவத்துக்கு 15, ஆங்கிலத் தேர்வில் நடுத்தரமான நல்ல மதிப்பெண்ணுக்கு 10. மொத்தம் 65, குறைந்தபட்சத் தேவையும் 65. அவருக்கு 40 ஆகும் அன்று வயதுப் புள்ளி 25லிருந்து 15 ஆகிவிடும். மொத்தம் 55க்கு இறங்கும். மாநில அரசின் பரிந்துரை கிடைத்தால் 5 புள்ளி கூடும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் அல்லாத பகுதிகளுக்கான தற்காலிக விசா என்றால் 15 கூடும். அவருடைய 40ஆவது பிறந்த நாள் 2027 செப்டம்பரில் வருகிறது. முடிவு எடுக்க எங்களுக்கு இருக்கும் காலம் அதுவரைதான். அதற்குள் செவிலியருக்கான என்கிளெக்ஸ் தேர்வு, ஆஸ்திரேலியாவுக்கு நேரில் போய் எழுத வேண்டிய செய்முறைத் தேர்வு, பதிவு, தகுதி மதிப்பீடு அத்தனையும் முடிய வேண்டும்.

அந்தத் தற்காலிக விசாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. முகவர்கள் இதைச் சொல்வதில்லை. 491 என்ற எண்ணுள்ள அந்த விசா 5 ஆண்டுகளுக்கானது; 3 ஆண்டுகள் கழித்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால், நிரந்தர வசிப்புக்கு மாறலாம். அதுவரை பல்கலைக்கழகங்கள் நம் பிள்ளையைப் பொதுவாக வெளிநாட்டு மாணவியாகவே நடத்திக் கட்டணம் கேட்கும். மகள் 18ஐ நெருங்கும் வீட்டில் இது சேமிப்பையே கரைத்துவிடும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்களுக்கு அதே விசா சிறந்த வழியாக இருக்கலாம். கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் போனால் இறங்கும் நாளிலேயே நிரந்தர வசிப்புரிமை. உள்நாட்டு மாணவருக்கான கட்டணமே மகளுக்கும். இந்த ஒரு விஷயத்தில் கனடா தெளிவாக மேலானது. ஆனால் 2024 அக்டோபரில் அந்த நாடு நிரந்தரக் குடியேற்ற இலக்கை வெட்டியது. 2025க்கு 5,00,000 என்றிருந்தது 3,95,000 ஆனது. சுகாதாரப் பணியாளருக்குத் தனி அழைப்புச் சுற்றுகள் 2023 முதல் நடப்பதால் செவிலியர்களுக்கு வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

முதுமைக் கணக்கும் கனடாவுக்குச் சாதகமே. 18 வயதுக்குப் பிறகு அங்கே 10 ஆண்டுகள் வசித்திருந்தால் 65இல் முதியோர் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு கிடைக்கும். முழுத் தொகைக்கு 40 ஆண்டுகள் வேண்டும். 45இல் போய்ச் சேரும் எனக்கு 20 ஆண்டுகள், அதாவது பாதித் தொகை. ஆஸ்திரேலியாவில் 67 வயதும் 10 ஆண்டு வசிப்பும் வேண்டும். வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் தருவார்கள். பனியைப் பற்றி ஊரில் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். தை மாதத்து உறைபனியில் வெந்நீர் அடுப்போடு வளர்ந்த நாங்கள்கூட அதைக் கனடாவின் குளிரோடு ஒப்பிடக் கூடாது என்பது சரிதான். ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமல்ல.

ஜெர்மனியைக் குடும்பமாகப் போகும் இடமாக நாங்கள் கைவிட்டோம். 38 வயதில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே ஜெர்மன் மொழியை வேலைக்குத் தேவையான நிலை வரை கற்பது என் மனைவிக்குப் பெரும் சுமை. ஆனால் மகளுக்கு அது திறந்தே இருக்கிறது. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. நம் 12ஆம் வகுப்புக்குப் பிறகு ஓராண்டு ஆயத்தப் படிப்பு தேவைப்படலாம். பிள்ளையின் படிப்பு ஒன்றே காரணம் என்றால் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதை இது காட்டுகிறது. பிரிட்டனில் நிரந்தர வசிப்புக்கான காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆக்கும் யோசனை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பால் இந்தியர்கள் வரிசையிலேயே மூப்படைகிறார்கள். இரண்டையும் மேற்கொண்டு அலசவில்லை.

இத்தனையிலும் 74க்குப் பதில் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள, அவர்களுடைய பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அங்கே இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். அக்கா குன்னூரில், தங்கை திருப்பூரில்; நாங்கள் அந்தத் தேர்வில் தேற மாட்டோம். பெற்றோர் வந்து தங்குவதற்கான கனடாவின் சூப்பர் விசாவில் ஒருமுறை வந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். மருத்துவக் காப்பீட்டை நாம் எடுக்க வேண்டும். விதிகள் இடம் கொடுத்தாலும் அம்மா வர மாட்டார். இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர் அவர். ஒரு கடலைத் தாண்டியது போதும் என்பார்.

ஆகவே ஊர் திரும்புவதையும் சம எடையோடு வைத்துப் பார்த்தோம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மலையின் மருத்துவ வசதி உயர்ந்திருக்கிறது; ஆனாலும் பெரிய நோய் என்றால் இன்றும் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை சரியாமல் இருந்தால். வருமானத்துக்குத் தேயிலையை நம்ப முடியாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். பச்சைத் தேயிலை விலையோ அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 15 ரூபாய்க்கும் 25 ரூபாய்க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. கொழுந்து பறிக்க ஆளும் கிடைப்பதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் அரை ஏக்கரை விலைக்குச் சொன்னபோது இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். வெளிநாடு வாழ் இந்தியர் வீடு வாங்கலாம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். நாளை வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரர் ஆனாலும் இதே நிலைதான். கூடுதலாக வாக்குரிமையும் போய்விடும், ஏனெனில் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஊர் திரும்பி நிலையாக வசித்தால் மட்டுமே அந்த அரை ஏக்கர் எங்களுக்கு ஆகும். வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள், கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது முதலான மலைப்பகுதி விதிகளையும், வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் நடப்பில் உள்ள இ-பாஸ் முறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். திரும்புவது என்றால் எங்களுக்கு அது மேட்டுப்பாளையமோ கோவையோதான். மனைவிக்கு அங்கே வேலை உண்டு, சம்பளம் குறைவு. எனக்கும் கணக்கு வேலை கிடைக்கும். மேட்டுப்பாளையம் என்றால் மலைப்பாதையில் 33 கிலோமீட்டர் தொலைவில் அம்மா இருப்பார். மூன்று வழிகளிலும் 74க்கு முழுமையான பதில் சொல்வது இது ஒன்றே.

இந்தத் தாள்களையெல்லாம் அம்மாவின் முன் விரித்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் பீரோவிலிருந்து பிஸ்கட் தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அதில் இந்தியா திரும்புவோருக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை நான்காக மடிந்து, மடிப்புகளில் நூலாக நைந்து கிடந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான, அங்கே தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். இலங்கையிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் பிள்ளைகள் இன்றும் அங்கே அட்டனில் இருக்கிறார்கள். அட்டையில் இருந்த தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு அம்மா சொன்னார்: "எங்கப்பா கையெழுத்துப் போட்டப்ப எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல தம்பி. நீ அந்தப் புள்ளகிட்ட கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை. அவளுடைய கட்டணம், அவளுடைய விசா, அவளுடைய 18ஆவது வயது எல்லாவற்றையும் கணக்கிட்ட நான் அவளைக் கேட்கவில்லை. அன்று இரவே கேட்டோம். எந்த நாடு என்பதில் அவளுக்குப் பெரிய விருப்பு வெறுப்பு இல்லை. "பன்னிரண்டாவது வரைக்கும் ஸ்கூல மாத்தாதீங்கப்பா, இருக்கிற ரெண்டு ஃபிரெண்ட்ஸும் அங்கதான் இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு விருப்பம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டது. அவள் 12ஆம் வகுப்பை 2028 மார்ச்சில் முடிப்பாள். அதுவரை ஷார்ஜாவிலேயே இருப்பது. அதற்கிடையில் மனைவியின் பெயரில் கனடாவுக்கும், ஆஸ்திரேலியாவில் மாநிலப் பரிந்துரையுள்ள நிரந்தர விசாவுக்கும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கனடாவில் 5 ஆண்டுகளில் 730 நாள் வசித்தால் போதும். ஆஸ்திரேலிய நிரந்தர விசாவில் குறித்த தேதிக்குள் ஒருமுறை போய் வந்துவிட்டு, 5 ஆண்டுப் பயண அனுமதிக்குள் குடிபெயரலாம். எனவே இரண்டுமே அவள் படிப்பை முடிக்கும் வரை காத்திருக்க இடம் தருகின்றன. 2027 செப்டம்பருக்குள் இரண்டில் எதிலும் அழைப்பு வராவிட்டால், மேலும் துரத்தாமல் 2028இல் மேட்டுப்பாளையம் திரும்பிவிடுவோம். அதற்குப் பிறகும் ஷார்ஜாவில் தொடர்வது என்ற வழியை மட்டும் இருவரும் சேர்ந்து அடித்துவிட்டோம்.

மனைவி என்கிளெக்ஸ் புத்தகத்தைத் திண்ணையில் வைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அம்மாவின் குளியலறையில் பிடித்து எழக் கம்பி பொருத்த நாளை மறுநாள் ஆள் வருகிறார். வாசற்படியின் உயரத்தையும் அவரையே குறைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.